பாடி நம்பர், பட் நம்பர்: ஒரு த்ரீ நாட் த்ரீயை வாசித்தல்

தமிழ்ப் புனைகதைகளில் துப்பாக்கி வருகிறபோது பெரும்பாலும் அது வெறும் ‘துப்பாக்கி’யாகவே வந்து, சுட்டுவிட்டு, போய்விடுகிறது. ஏர் என்றால் மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி என்று உறுப்புறுப்பாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். தறி என்றால் அதைவிட நுணுக்கமாகச் சொல்வோம். ஆனால் கூட்டத்தைப் பார்த்துச் சுட்ட பொருள் எது, எந்த ஊரில் அடித்தது, எந்த வருஷத்து இரும்பு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தது என்ற கேள்விகளை நமது எழுத்து கேட்பதில்லை. செத்தவருக்குப் பெயரும் ஊரும் சாதியும் எழுதப்படுகின்றன. சுட்ட பொருள் பெயரற்றதாக, ஒரு இயற்கைச் சக்தியைப்போல, ‘துப்பாக்கிச்சூடு நடந்தது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இது தள்ளிநின்று பேசுகிற விஷயம் அல்ல. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் காவலர்களின் துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயப் போராட்டங்களிலிருந்து இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பதினாறு நாளில் எந்த ஆயுதக்கிடங்கிலும் துப்பாக்கியை மாற்றியிருக்க வழியில்லை. அன்றைக்கு இந்த நாட்டின் சிறைகளிலும் ஸ்டேஷன்களிலும் இருந்தவை, கொஞ்சம் முன்பின்னாக, எல்லாமே வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிகள். அவற்றின் இரும்பில் மகுடம் இருந்தது. மகுடத்துக்குக் கீழே ஒரு ராஜாவின் பெயரெழுத்துகள் இருந்தன. அவற்றை வாசிக்கப் பழகுவது எப்படி என்பதுதான் இங்கே பேச எடுத்துக்கொண்டது. எதுவரை வாசிக்க முடிகிறது, எந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோகிறது, அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

நமக்குப் பழக்கமான ‘த்ரீ நாட் த்ரீ’ என்பது ஒரு துப்பாக்கியின் பெயரே அல்ல. குழலின் உள்விட்டம் .303 அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.7 மி.மீ. என்று சொல்கிற அளவு. அந்த அளவில் வந்த லீ-எண்ஃபீல்டு ரைஃபிள்களில் இந்தியாவில் மிகுதியாகப் புழங்கியது 1907-இல் இங்கிலாந்தில் ஏற்கப்பட்ட ‘மார்க் 3’ என்ற வகையும், முதல் உலகப்போர் அவசரத்தில் சில உறுப்புகளைக் கழித்து 1916-இல் வந்த ‘மார்க் 3 நட்சத்திரம்’ என்ற வகையும். (அந்த நட்சத்திரத்தை ஏதோ உயர்வுக்குறி என்று நினைத்துவிட வேண்டாம். செலவையும் நேரத்தையும் மிச்சம்பிடித்ததற்கான அடையாளம் அது.) இங்கிலாந்தில் எண்ஃபீல்டிலும் பர்மிங்காமிலும் லண்டனிலும், ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும், இந்தியாவில் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூரிலும் இவை செய்யப்பட்டன. இஷாப்பூரில் கம்பெனி காலத்து வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-இல் ரைஃபிள் தொழிற்சாலை வந்தது.

துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்துப் பார்த்தால் விசைக்குப் பின்னால், அடிக்கட்டை வந்து சொருகுகிற இடத்தில் ஒரு இரும்புப் பூண் இருக்கும். ‘பட் சாக்கெட்’ என்பார்கள். அதன் வலப்பக்கம்தான் இந்தத் துப்பாக்கியின் மெய்க்கீர்த்தி. உச்சியில் மகுடம். கீழே அரசனின் பெயரெழுத்துகள். அதற்குக் கீழே ஆலையின் பெயர், பிறகு வருஷம், கடைசியில் வகையைச் சொல்லும் எழுத்துகள். கல்வெட்டுப் படித்தவர்களுக்கு இந்த வரிசை வேடிக்கையாக இருக்கும். முதலில் அரசன், பிறகு ஆண்டு, பிறகுதான் காரியம்.

அரசனை வைத்துக் காலம் சொல்வதில் கல்வெட்டுக்காரர்களுக்கு நேர்கிற அதே சங்கடம் இங்கேயும் உண்டு. சோழர்கள் ராசகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதால், வெறும் ‘பரகேசரி’ என்றிருந்தால் எந்தப் பரகேசரி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது இல்லையா? அதேபோல ‘ஜி.ஆர்.’ என்றால் 1910 முதல் 1936 வரை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜா, 1936-இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் ஜார்ஜா என்று எழுத்து சொல்லாது. கீழேயுள்ள வருஷம்தான் சொல்லும். ‘இ.ஆர்.’ என்றால் 1901 முதல் 1910 வரை இருந்த ஏழாம் எட்வர்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா. இஷாப்பூரில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். அந்த ‘ஐ’ லத்தீனில் பேரரசன் என்பதன் முதலெழுத்து. லண்டனில் அவன் ராஜா, இங்கே சக்கரவர்த்தி. காலனியம் என்ற பெரிய சொல்லாடலை ஒரு எழுத்தில் அடக்கிக் காட்டவேண்டும் என்றால் இதைக் காட்டலாம். 1948-இல் அந்தச் சக்கரவர்த்திப் பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் விட்டுவிட்டார். இரும்பு விடவில்லை. குடியரசான பிறகு செய்தவற்றில் மகுடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன, இஷாப்பூரின் முழுப்பெயர் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று சுருங்கியது. ஆனால் குறிகளின் இடமும் அடுக்கும் பெரிதாக மாறவில்லை. உச்சியில் அரசு, அதற்குக் கீழே மற்றதெல்லாம்.

ஆக, வருஷம் சொல்வது பூணிலுள்ள முத்திரை. அப்படியானால் நம்பர் எதற்கு?

நாமக்கல் பக்கம், ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “ஏனுங்கய்யா, நம்பர வெச்சு எந்த வருஷத்துத் துப்பாக்கின்னு சொல்லிர முடியுமா?”

“அது வருஷத்தச் சொல்லாதுங்க தம்பி. இது அதுதானான்னு சொல்லும். அவ்வளவுதான். வருஷம் வேணும்னா பூணப் பாக்கோணும். யாருகிட்ட இருந்துதுன்னு தெரியோணும்னா ரிஜிஸ்தரப் பாக்கோணும். வெறும் நம்பர வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

மொழியியல் பேசுகிறவர்கள் குறிப்பான் என்றும் குறிப்பீடு என்றும் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். எண் தன்னளவில் எதையும் குறிப்பதில்லை. இன்னொரு இடத்தில் இருக்கிற ஒரு பதிவேட்டோடு பொருந்தும்போதுதான் அது பேசுகிறது.

லீ-எண்ஃபீல்டில் எண் போட்ட முறையைப் பார்த்தால் இது விளங்கும். 1-லிருந்து 9999 வரை போவார்கள். பிறகு முன்னால் ‘ஏ’ சேர்த்து மறுபடியும் 1-லிருந்து. அதுவும் தீர்ந்தால் ‘பி’. ஒற்றை எழுத்துகள் தீர்ந்தால் இரட்டை எழுத்து, அல்லது திரும்பவும் முதலிலிருந்து. ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனி வரிசை வேறு. ஆகவே ஒரே எழுத்து, ஒரே எண் கொண்ட துப்பாக்கி பர்மிங்காமிலும் இருக்கும், லித்கோவிலும் இருக்கும், இஷாப்பூரில் வேறொரு காலத்தில் செய்ததிலும் இருக்கும். வகை, ஆலை, வருஷம், எண் நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கிக்கு முகவரி. இதில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமலிருப்பது, “வீட்டு நம்பர் 14” என்று சொல்லித் தெருப்பேரையும் ஊர்ப்பேரையும் சொல்லாமல் விடுகிற மாதிரி.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஆலைக்குள் ஒரே தொடராக எண் ஓடியது. அதனால் எண்ணைக் கொண்டு செய்த காலத்தை அட்டவணையில் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த எண்ணுக்குள் ஒரு தொழிலாளர் கதையும் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் 8,00,000-க்குக் கீழ் எண் கொண்டவை உடையக்கூடியவை என்று பின்னால் ஒதுக்கப்பட்டன. பட்டறையில் இரும்பு போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதை நிறத்தைக் கண்ணால் பார்த்தே தீர்மானித்திருக்கிறார்கள். நல்ல வெயில் வெளிச்சத்தில் காய்ந்த இரும்பின் சிவப்பு மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் காய்ச்சுவார்கள், பதம் கெடும். மேகமூட்டமான நாளின் துப்பாக்கி வேறு, வெயில் நாளின் துப்பாக்கி வேறு! நம் ஊர்க் கொல்லருக்கு இது அதிசயமாகத் தோன்றாது. அந்தச் சூளை வெளிச்சத்தை எண் சொல்வதில்லை. எந்த எண்ணோடு அது முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

தொடர் எண்ணில் அரசுக்கே ஒரு ஆபத்து உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் டாங்கிகளின் உறுப்புகளில் பொறித்திருந்த வரிசை எண்களைச் சேகரித்து, மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறார்கள் என்று நேசநாட்டுப் புள்ளியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327. உளவாளிகள் சொன்னது 1,550. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தபோது உண்மையான எண்ணிக்கை 342. தன் பொருள்களை எண்ணி வைத்துக்கொள்கிற அதிகாரம், அந்த எண்ணாலேயே எண்ணப்பட்டும் விடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

*

ஒரு பழைய துப்பாக்கி ஒரே காலத்துப் பிரதி அல்ல. லீ-எண்ஃபீல்டில் எண்ணை ஒரு இடத்தில் மட்டும் பொறிக்கவில்லை. உடம்பில், குழலில், போல்ட்டின் கைப்பிடியில், குறிபார்க்கும் தகட்டின் அடியில், முன்மூக்கில் என்று பல இடத்தில் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஆலையிலிருந்து வந்த கூட்டு. போல்ட்டில் ஒரு எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எண் பொறித்திருந்தால், அது வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்து இதற்குப் பொருத்தியது. இது வெறும் சேகரிப்பாளர்களின் சுத்தபத்தம் அல்ல. போல்ட் உடம்போடு மயிரிழை சரியாகப் பொருந்தவில்லை என்றால் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. எண் இல்லாவிட்டால் எந்தப் போல்ட் எதனுடையது என்று ஆர்மரருக்கே தெரியாது.

பிறகு பழுதுபார்த்த முத்திரைகள். ‘எஃப்.டி.ஆர்.’ என்று போட்டு ஒரு வருஷம் இருந்தால், அந்த வருஷத்தில் ஆலைக்குத் திரும்பிப்போய் முழுசாகப் பிரித்துச் சீர்செய்து வந்தது என்று பொருள். பூணில் 1917 இருக்கும், எஃப்.டி.ஆர். பக்கத்தில் முப்பது வருஷம் தள்ளி வேறொன்று இருக்கும். குழல் மாறியிருக்கும், கட்டை மாறியிருக்கும். ஏடு பெயர்த்தெழுதியவன் காலமா, ஆசிரியன் காலமா என்று நாம் சண்டை போடுவோமே, அதே சண்டைதான். இலக்கிய வரலாற்றில் மேல் எல்லை, கீழ் எல்லை என்று சொல்வதை இங்கேயும் கடைப்பிடிக்கலாம். பூணின் வருஷம் மேல் எல்லை, அதற்கு முன்னால் இந்தத் துப்பாக்கி இல்லை. கடைசிப் பழுதுமுத்திரையின் வருஷத்தில் அது இன்னும் சர்க்கார் கையில் உயிரோடு இருந்தது. அம்புக்குறிக்குக் கீழ் ‘ஐ’ இருந்தால் இந்திய அரசின் உடைமை. இரண்டு அம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால் சேவையிலிருந்து விலக்கி விற்றாயிற்று. ‘டி.பி.’ என்றால் இனிச் சுடுவதற்கல்ல, பயிற்சிக்கு மட்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் தோளில் சுமந்தது அநேகமாக இந்த டி.பி. ரைஃபிளைத்தான். அதன் பூணை அப்போது யாரும் திருப்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

தோட்டாவுக்கும் தனி முத்திரை உண்டு. பித்தளைக் கூட்டின் அடியில் ‘கே.எஃப்.’ என்றிருந்தால் புனே பக்கத்துக் கிர்க்கீ ஆலை, கூடவே வருஷம். சம்பவ இடத்தில் கிடக்கிற காலிக்கூடு துப்பாக்கியின் வயதைச் சொல்லாது. ஆனால் சம்பவத்துக்கு ஒரு மேல் எல்லையைக் கொடுக்கும்.

இடைச்செருகலும் போலியும் இல்லாத பிரதிமரபு ஏது? கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேலில், கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக லீ-எண்ஃபீல்டைக் கையாலேயே நகலெடுத்து வருகிறார்கள். மகுடம், எழுத்து, எண் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள், ஆங்கிலம் தெரியாமல். எழுத்து தலைகீழாக நிற்கும். 1901-இல் செத்துப்போன விக்டோரியாவின் பெயருக்குக் கீழே 1919 என்று வருஷம் இருக்கும். நிபுணர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரத்தின் கையெழுத்தை அர்த்தமில்லாமல், வெறும் வடிவமாக, திரும்பத் திரும்ப வரைந்து அதையே ஆயுதமாக்கிக்கொண்ட வேலையைக் கட்டுடைத்தல் என்று பெயர் வைத்துப் பேசியவர்கள் பாரிசில்தான் இருந்தார்கள் என்று யார் சொன்னது?

*

இங்கே சிறையோடு தொடர்புள்ள ஒரு துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

1857-க்குப் பிறகு, இந்தியச் சிப்பாய் கையில் நல்ல துப்பாக்கியைக் கொடுக்கக்கூடாது என்று முடிவுசெய்தவர்கள், எண்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மரைபோலச் சுற்றி ஓடுகிற புரிகளை நீக்கி, உள்ளே வழவழப்பான குழலோடு ஒரு தனி வகையை அவர்களுக்கென்றே செய்தார்கள். புரிதான் குண்டைச் சுழலவைத்து நேராகத் தூரம் அனுப்புகிறது. வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி, உள்ளே நூறு வருஷம் பின்னால். இருபதாம் நூற்றாண்டில் அதே தந்திரம் இஷாப்பூரில் திரும்ப வந்தது. .303 ரைஃபிளின் குழலை .410 அளவுக்கு வழவழப்பாக்கி, மேகசின் இருக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற ‘மஸ்கட்’ ஆக மாற்றினார்கள். போலீசுக்கும் சிறைக்காவலர்களுக்கும் என்றே இது வந்தது. தோட்டாவும் .303 கூட்டிலிருந்து தனியாக வடித்தது, கடையில் கிடைக்கிற .410 இதற்குள் போகாது. யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது. அதாவது கைதியை மட்டும் அல்ல, காவலனையும் நம்பாத துப்பாக்கி.

இதில் பூணை மட்டும் வாசிக்கிறவர் ஏமாந்துபோவார். பூண் பழைய .303-இன் மெய்க்கீர்த்தியைத்தான் சொல்லும். குழலைப் பார்த்தால்தான் தெரியும்.

புரியை அழித்ததில் யாரும் திட்டமிடாத இன்னொரு விளைவும் உண்டு. புரியுள்ள குழலிலிருந்து வருகிற குண்டின் உடம்பில் அந்தக் குழலின் கீறல்கள் விழும். லீ-எண்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து பள்ளம், இடப்பக்கச் சுழற்சி. உடலிலிருந்து எடுத்த குண்டை வைத்து இந்தத் துப்பாக்கிதான் என்று தடயவியலார் சொல்வது அதனால்தான். வழவழப்பான குழல் குண்டில் அப்படிக் கையெழுத்துப் போடுவதில்லை. காலிக்கூட்டில் மட்டும் ஊசி அடித்த தடம் இருக்கும். கூட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டால்? சுட்டவர்களே பொறுக்கினால்? பெயரெழுத்தும் எண்ணும் முத்திரையும் உடம்பெல்லாம் குத்திய ஒரு பொருள், தான் செய்த காரியத்தில் மட்டும் கையெழுத்தில்லாமல் தப்பிக்கிறது. சேலம் சிறையைப் பற்றிக் கதையோ நாடகமோ வரலாறோ எழுதப்போகிறவர் முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டிய கேள்வி: .303-ஆ, .410-ஆ? தூரம், வேகம், ஒரு காவலர் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுட்டிருக்கலாம், எத்தனை பேர் சுட்டால் இத்தனை உடல்கள் விழும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

புகைப்படம் கிடைத்தால் அடையாளம் காண்பதில் பெரிய வித்தை இல்லை. முன்மூக்கு மொட்டையாக, குழல் வெளியே நீளாமல் இருந்தால் மார்க் 3. குழல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டாம் உலகப்போர்க் காலத்து நம்பர் 4. மார்க் 3 போலவே இருந்து, மேகசின் மட்டும் பெட்டிபோலச் சதுரமாக இருந்தால், 1962 சீனப்போருக்குப் பிறகு இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1. கைப்பிடி தனியாக இறங்கி, நீளமாக, ஒல்லியாக இருந்தால் எஸ்.எல்.ஆர். இந்த வகைகள் வரிசையாக ஒன்று போய் ஒன்று வந்தன என்று நினைக்கக்கூடாது. 2008-இல் பம்பாய் ரயில்நிலையத் தாக்குதலின்போது போலீஸ் கையில் இருந்தது .303. உத்தரப்பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்.

*

இனி எண்ணுக்கு வருவோம். நம் படைகளில் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு எண் உண்டு. ஆலை இரும்பில் பொறித்தது ‘பாடி நம்பர்’. யூனிட் தன் வசதிக்காக அடிக்கட்டையில் போடுவது ‘பட் நம்பர்’. ஆயுத அறையில் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தக் காவலருக்குக் கொடுப்பது என்பதற்கெல்லாம் பட் நம்பர்தான். ஆயுதபூஜையன்று ஸ்டேஷனில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறபோது இரண்டும் மறைந்துவிடும், அது வேறு விஷயம். (தமிழில் ‘பாடி’ என்றால் பேச்சுவழக்கில் பிணம் என்று அர்த்தம். “பாடி வந்துருச்சா?” என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிற ஜனங்களுக்கு, துப்பாக்கிக்கும் ஒரு பாடி நம்பர் உண்டென்பது தெரியாது.) சிறைக்குள் போகிற மனிதனுக்கும் ஒரு எண் உண்டு. 1766-இன் பிரெஞ்சு ராணுவ விதியில் சிப்பாயின் கையையும் துப்பாக்கியின் உறுப்பையும் அசைவு அசைவாகப் பிணைத்ததை ஃபூக்கோ விரித்து எழுதுகிறார். அதோடு நம் ஊருக்குச் சேர்க்கவேண்டியது: இருவருக்கும் எண், இருவரும் பதிவேட்டில், பதிவேடு ஒரே மேஜையில்.

அறிக்கைகளை வாசிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். “பட் நம்பர் இத்தனை கொண்ட துப்பாக்கி” என்று மட்டும் ஒரு அறிக்கையில் இருந்தால் அது அரை முகவரி. கட்டையை மாற்றலாம், எண்ணைச் சுரண்டி வேறு எழுதலாம், அந்த யூனிட் கலைந்தால் எண்ணுக்கு அர்த்தமே போய்விடும். பாடி நம்பரும் வகையும் கூடவே இருக்கவேண்டும். 1972 ஜூலையில் மின்கட்டணப் போராட்டத்தின்போது சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்தில் விவசாயிகள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றிப் பேசும் மேடைகளில், செத்தவர்களின் நினைவும் சுட்டவர்கள்மீது கோபமும் இருக்கிறது. துப்பாக்கி இருக்காது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. யார், எங்கே நின்று, எத்தனை ரவுண்டு என்ற அளவுக்கு அது இறங்கியிருப்பதை, அதன்மேல் எடுத்த நடவடிக்கை எவ்வளவு என்ற சண்டைக்கு நடுவிலும், நாம் கவனிக்கவேண்டும். அப்படி இறங்க முடிந்தது ஆயுதப் பதிவேடு என்று ஒன்று இருப்பதால்தான்.

சட்டம் இந்த எண்ணை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள். துப்பாக்கியிலுள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பது, மாற்றுவது குற்றம். எண் இல்லாத துப்பாக்கியை விற்பதும் கைமாற்றுவதும் குற்றம். மூன்றாவது உட்பிரிவுதான் சுவாரசியம்: எண் இல்லாத துப்பாக்கி ஒருவனிடம் இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, அவனே அந்த எண்ணை அழித்தான் என்று கொள்ளப்படும்.

கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் காலங்காலமாக இருக்கிற நாட்டுத் துப்பாக்கியை இந்த வாக்கியத்துக்குள் வைத்துப் பாருங்கள். வாய்வழியாகக் கரிமருந்தும் ரவையும் திணித்துச் சுடுகிற, உள்ளூர்க் கொல்லர் அடித்த குழல். காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும். அதில் என்றைக்குமே எண் இருந்ததில்லை. ஆனால் சட்டத்தின் கற்பனையில் அங்கே ஒரு எண் இருந்தது, மலைவாசி அதை அழித்துவிட்டான்! இல்லாத எழுத்தை அழித்த குற்றம். கீழே சமவெளியில் பயிர்ப்பாதுகாப்புக்கு லைசென்ஸ் வைத்திருக்கிற தோட்டக்காரக் கவுண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய துப்பாக்கிக்கு எண் உண்டு, லைசென்ஸ் புத்தகத்தில் அதே எண் உண்டு, தேர்தல் தேதி அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிவருவார். மலையில் போலீஸ் கெடு வைத்துத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து போடச்சொல்கிறபோது அவை பஞ்சாயத்து வாசலிலோ காட்டோரத்திலோ யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். எண்ணின்மை குற்றமாகவும், அதே நேரத்தில் தப்பிக்கும் வழியாகவும் இருப்பது இப்படித்தான். பழைய துப்பாக்கியைத் தாத்தா நினைவாக வைத்திருக்கிறோம் என்று சொல்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 45-ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது, ஆனால் பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததாக அது இருக்கவேண்டும். வயது மட்டும் போதாது.

ஆக, எண் இருக்கிற துப்பாக்கி அரசுக்குப் பதில் சொல்கிறது. அரசு யாருக்குப் பதில் சொல்கிறது என்பது பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதைப் பொறுத்தது. பதிவேடுகளுக்கும் ஆயுள் உண்டு, குறித்த வருஷங்கள் போனால் அழித்துவிடுவார்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப்போடும் நண்பர்கள் ‘துப்பாக்கிச்சூடு பற்றிய விவரங்கள்’ என்று மொத்தமாகக் கேட்கிறார்கள். ‘விசாரணை நிலுவையில்’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடுகிறது. கேள்வியை உடைத்துக் கேட்கவேண்டும். அன்றைய தேதிக்கு ஆயுத அறையிலிருந்து வெளியே போன துப்பாக்கிகளின் வகை. ஒவ்வொன்றின் பாடி நம்பர், பட் நம்பர். வாங்கிக்கொண்டவரின் பதவி, கையெழுத்து, நேரம். கொடுத்த ரவுண்டு, திரும்பிய ரவுண்டு, திரும்பிய காலிக்கூடு. அந்தத் துப்பாக்கிகள் இப்போது எங்கே: தடய அறிவியல் கூடத்திலா, நீதிமன்றச் சொத்தறையிலா, அல்லது மறுநாளே சுத்தம்செய்து திரும்பவும் அறையில் நிறுத்தப்பட்டனவா. பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால், அழித்த உத்தரவின் எண்ணும் தேதியும். பழைய சம்பவம் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்துறை அரசாணைகளை வருஷவாரியாகக் கேட்கலாம். 1950-க்கு அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.